லாயிட் வீட்டுத் தண்ணீர்

என் மனைவி தனலக்ஷ்மி சென்ற ஆடி மாதத்திலிருந்து பக்கத்து வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாள். இதை இப்படி மொட்டையாகச் சொன்னால் நீங்கள் என்னென்னவோ நினைப்பீர்கள். நினையுங்கள். நானும் அப்படி நினைத்து நினைத்தே நாலு கிலோ இளைத்தேன். நாற்பது கிராம்கூட இளைக்கவில்லை என்று தனலக்ஷ்மி சொல்வாள். அவள் பேச்சை நம்பாதீர்கள்.

தினமும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும், தலைக்கு. காலை ஒன்பது மணிக்குத் துண்டு, ஷாம்பு, மாற்றுப் புடவை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டு, திருப்பதிக்குப் போகிறவள் போலக் கிளம்புவாள். எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஒரு சின்ன கேட் உண்டு. அதைத் திறந்தால் லாயிட் வீடு. பதினோரு மணிக்குத் திரும்பி வரும்போது கூந்தல் முதுகில் அலை அடிக்கும். வாசலில் நின்று உதறினால் தெருக்கோடி வரைக்கும் வாசனை போகும். எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்று பார்க்கும்.

"எப்படி இருக்குது பாருங்க, பட்டு மாதிரி" என்பாள்.

எனக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? நான் யார், லாயிட் யார் என்று தெரிந்தால்தான் உங்களுக்கும் எரியும். அவனும் நானும் கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீட்டில் பிறந்தவர்கள். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். பெங்களூருக்கு ஒரே ரயிலில் வந்தோம். ஒரே தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றதும் சந்தாபுராவில் பக்கத்துப் பக்கத்து மனையில் வீடு கட்டினோம். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு.

அந்த போர்வெல் இருக்கிறதே, அது என்னுடையது. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கலாம். ஆனால் இடம் குறித்தவன் நான். லாயிட் வடகிழக்கு மூலை என்றான். அவன் கூட்டி வந்த ஜியாலஜிஸ்டும் வடகிழக்கு மூலை என்றார். நான் மனையைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். ஓர் இடத்தில் என் இடது குதிகால் குறுகுறுத்தது. "இங்க போடு" என்றேன். எண்ணூற்று நாற்பது அடியில் தண்ணீர் பீறிட்டது பாருங்கள், பக்கத்து மின்கம்பத்தை நனைத்தது. கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை இன்றுவரை திரும்பி வரவில்லை. பதினோரு வருஷமாக, ஒரு கோடையிலும் அது வற்றியதில்லை. பெங்களூரே டேங்கர் லாரிக்குப் பின்னால் ஓடிய வருஷத்திலும் நானும் லாயிட்டும் செடிக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தோம். "யார் குதிகால்?" என்று தினமும் ஒரு முறை அவனைக் கேட்பேன். "உன் குதிகால்தாண்டா" என்று அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

தண்ணீர் கொஞ்சம் கெட்டிதான். அதை மறைக்க மாட்டேன். ஹீட்டர் கம்பியைக் கழற்றினால் அதன்மேல் சுண்ணாம்பு படிந்து முள்ளங்கி மாதிரி இருக்கும். ஷவரில் எழுபத்திரண்டு ஓட்டைகள். அவற்றில் இரண்டில் தண்ணீர் வரும். ஒன்று சுவரைப் பார்த்து வரும். குழாயில் படிந்த வெள்ளைப் பாறையை உடைக்க என் அப்பாவையே திரும்பக் கூப்பிட வேண்டும். பருப்பு ஏழு விசிலுக்கும் மசியாது. சோப்பு தேய்த்தால் நுரைக்குப் பதில் ஒரு முனகல் வரும். ஆனால் அது நம் தண்ணீர். நம் குதிகால் கண்டுபிடித்த தண்ணீர். குறை சொல்லலாமா?

லாயிட் சொன்னான். வாயால் சொல்லவில்லை, மிஷினால் சொன்னான்.

அவன் மகள் மெர்சி கனடாவில் இருக்கிறாள். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு தண்ணீரின் கெட்டியை எடுக்கிற வாட்டர் சாஃப்ட்னர் வாங்கி அனுப்பிவிட்டாள். என் எழுபதாவது பிறந்தநாளுக்கு என் மகன் விஜய்குமார் ஒரு டீ-ஷர்ட் அனுப்பினான். அதுவும் ஒரு சைஸ் சின்னது.

மிஷின் என்றால் என்ன பெரிய மிஷின்? ஆள் உயரத்தில் நீலமாக ஒரு சிலிண்டர். தலையில் ஒரு கைப்பிடி. பக்கத்தில் மூடி போட்ட ஒரு தொட்டி. அதைக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக, என் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரில் நிறுத்தியிருந்தான். இடம் இல்லாமல் அங்கே வைத்ததாகச் சொன்னான். நான் நம்பவில்லை.

முதல் நாளே அந்தத் தொட்டியில் ஒரு மூட்டை உப்பைக் கொட்டினான். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய் லாயிட், இன்னாடா பண்றே? ஊறுகாய் போடுறியா?"

"உப்பு போட்டாத்தான் மச்சி தண்ணி சாஃப்ட்டாகும்."

"நம்ம தண்ணிய ஊர்ல எல்லாரும் உப்புத் தண்ணின்னுதான் சொல்றான். உப்புத் தண்ணிக்கு உப்பு போட்டு நல்ல தண்ணியாக்குறியா? பைத்தியமாடா உனக்கு?"

"அது டெக்னாலஜிடா. உனக்குப் புரியாது."

புரியாதாம்! முப்பத்திரண்டு வருஷம் நான் ஃபோர்மேன், அவன் ஸ்டோர்ஸ். யாருக்கு யார் டெக்னாலஜி சொல்வது?

அன்றிலிருந்து தொடங்கியது. லாயிட் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் சூரியன் உதித்தது. லாயிட்டின் கார், கழுவிய பிறகு ஒரு வெள்ளைப் புள்ளியும் இல்லாமல், அன்றைக்குத்தான் பிறந்தது மாதிரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அவன் சட்டையின் வெள்ளையைப் பார்த்து எனக்குக் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் அவனிடம் பேசினேன். அவன் மனைவி பிரிசில்லா வந்து, "அக்கா, ரெண்டே விசில்ல பருப்பு வெண்ணெயா ஆயிடுதுக்கா" என்று தனலக்ஷ்மியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்று எங்கள் வீட்டு சாம்பாரில் பருப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் என்னைப் பார்த்துச் சிரித்தன.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் பிளாஸ்டிக் கூடை கிளம்பியது.

"இன்னா தனம், நம்ம வீட்ல பாத்ரூம் இல்லையா?"

"இருக்குது. தலைமுடிதான் இல்ல. சீப்பைப் பாருங்க, கொத்துக் கொத்தா வருது. உங்களுக்கு இன்னா கவலை, மொட்டை மாடி மாதிரி வெச்சிருக்கீங்க."

என் தலையைப் பற்றி இனி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அந்தக் கணத்தில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மனைவி என் வீட்டில்தான் குளிக்க வேண்டும். அதற்கு எந்த மலையையும் புரட்டத் தயார். மிஷின் மட்டும் வாங்க மாட்டேன். வாங்கினால் லாயிட்டைப் பார்த்து வாங்கியது ஆகிவிடும். என் குதிகால் என்னை மன்னிக்காது.

நாலு மாதம் யோசித்தேன். வழி சுவருக்கு அடியிலேயே கிடந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் மழைத் தண்ணீர் போக ஒரு கால்வாய் உண்டு. லாயிட்டின் மிஷினிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய் இறங்கி, சுவரில் துளை போட்டு, அந்தக் கால்வாயில் வந்து முடிந்தது. சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு லாயிட் வெளியே வருவான். மிஷின் தலையில் இருக்கும் கைப்பிடியை ஒரு பக்கம் திருப்புவான், கடிகாரம் பார்ப்பான், இன்னொரு பக்கம் திருப்புவான். ராக்கெட் விடுகிறவன் மாதிரி ஒரு முகம். அந்த ஒரு மணி நேரமும் வெள்ளைக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். வீணாக!

ஒரு சனிக்கிழமை அவன் உள்ளே போன சமயம் பார்த்துக் குனிந்து ஒரு கை அள்ளினேன். நாக்கில் வைத்தேன். உப்பு! சும்மா உப்பில்லை, நாக்கு நாலாக மடிந்தது.

என் மூளை ஒரு பழைய லேத் மெஷின். சூடாக நேரமாகும், சூடாகிவிட்டால் நிற்காது. உப்பு போட்டால் தண்ணீர் சாஃப்ட் ஆகிறது. சொன்னவன் லாயிட். இந்தத் தண்ணீரில் இவ்வளவு உப்பு. அப்படியானால் இது எவ்வளவு சாஃப்ட்! வீட்டுக் குழாயில் வருவது வெறும் மோர், இது தயிர். மிஷின் தாங்க முடியாமல் துப்புகிற சாரம். அதைப் போய் மடையன் கால்வாயில் விடுகிறான்!

அடுத்த சனிக்கிழமை நான் தயாராக இருந்தேன். கால்வாயில் ஒரு பக்கெட்டை ஒளித்தேன். அது நிறைந்ததும் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நீல டிரம்மில் ஊற்றினேன். லாயிட் தலை தெரிந்தால் முருங்கை மரத்தை ஆராய்ச்சி செய்வேன்.

"இன்னாடா குணா, இன்னிக்கு மரத்தையே கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறே?"

"பூச்சிடா. ஒவ்வொரு பூச்சியும் எலி சைஸ் இருக்குது. நீ உள்ள போ, கடிச்சிடும்."

டிரம் நிறைந்தது. மூடி போட்டு, மேலே ஒரு கல்லும் வைத்தேன். அன்று மாலை தனலக்ஷ்மியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தனம், இந்த வெள்ளிக்கிழமை நீ நம்ம வீட்லதான் குளிக்கப்போறே."

"எதுக்கு?"

"சாஃப்ட் வாட்டர் ரெடி. மிஷின் இல்லாம. என் சொந்த முறை."

"இன்னா முறை?"

"அது ரகசியம். லாயிட் வீட்டுத் தண்ணிய விட பத்து மடங்கு சாஃப்ட். தலையில ஊத்தினா முடி நாளைக்கு ஒரு அடி வளரும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பத்தொரு வருஷம் பார்த்த பார்வை. ஆனால் ஒரு பெண்ணுக்குப் புருஷன் மேல் கடைசி வரைக்கும் துளி நம்பிக்கை இருக்கும்போலிருக்கிறது. "சரி, பாக்கலாம்" என்றாள். பத்து நிமிஷத்தில் பிரிசில்லாவிடம் சொல்லியிருக்கிறாள். பதினோராவது நிமிஷம் லாயிட் சுவருக்கு மேல் தலையை நீட்டினான்.

"சொந்த முறையாமே?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை காலைல மிஷின் கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வீணான்னு ஒரு பொண்ணு வருது. டெஸ்ட் கிட் கொண்டு வரும். உன் தண்ணியையும் காட்டலாம், இன்னா சொல்றே?"

"தாராளமா காட்டு! உன் தண்ணிய முதல்ல டெஸ்ட் பண்ணு. அப்புறம் என்னுத. அப்புறம் உன் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட ஆள் கூப்பிடு."

வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு பக்கெட் என் தண்ணீரை நானே அடுப்பில் சுடவைத்து நானே குளியலறைக்குத் தூக்கிப்போனேன். தனலக்ஷ்மி எண்ணெய் வைத்த தலையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் மனைவி என் வீட்டில் தலைக்குக் குளிக்கிறாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

முதல் சொம்பு. இரண்டாவது சொம்பு. ஷாம்பு டப்பா திறக்கும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

"இன்னாங்க, நுரையே வரல!"

"இன்னும் கொஞ்சம் ஷாம்பு போடு. ஸ்ட்ராங் தண்ணி அது."

திரும்பவும் டப்பா சத்தம். "அரை டப்பா காலி. ஒரு குமிழிகூட வரல. இருங்க, சோப்பு போட்டுப் பாக்குறேன்."

சோப்பு தேய்க்கும் சத்தம்.

அதற்குப் பின் வந்த சத்தத்தைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மிகை என்பீர்கள். ஹோசூர் ரோட்டில் போன லாரிகள் நின்றன என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கதவு திறந்தது. தனலக்ஷ்மி நின்றாள். தலையில் சோப்பு திரிந்து தயிர் தயிராகக் கட்டியிருந்தது. முடி ஒவ்வொன்றும் தனித்தனிக் கயிறாக, நாலா பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். தேங்காய் நார்கூட இதற்கு முன்னால் பட்டு.

"கண்ணு எரியுது, வாயெல்லாம் உப்பு! இன்னா தண்ணிய்யா இது?"

நாற்பத்தொரு வருஷத்தில் அவள் என்னை 'யா' போட்டது அது மூன்றாவது முறை. முதல் இரண்டும் என் அம்மாவைப் பற்றி.

தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டாள். ஒரு சொம்பு நிறைய அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டாள். சின்ன கேட்டைத் திறந்து லாயிட் வீட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

அங்கே நீல சிலிண்டருக்குப் பக்கத்தில் வீணா நின்றிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். தோளில் ஒரு கறுப்புப் பை, கையில் ஸ்பானர். லாயிட்டும் பிரிசில்லாவும் பக்கத்தில்.

"வீணாம்மா, இதைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணு" என்று தனலக்ஷ்மி சொம்பை நீட்டினாள்.

வீணா மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தாள். முதலில் லாயிட் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இரண்டு சொட்டு மருந்து, ஒரு சிட்டிகைப் பொடி, ஒரு குலுக்கு. நீலம். மயில் கழுத்து நீலம்.

"நீலம்னா சாஃப்ட்" என்றாள் வீணா.

அடுத்தது போர்வெல் தண்ணீர், என் குதிகால் தண்ணீர். அது சிவந்தது. "சிவப்புன்னா ஹார்டு. இப்ப இன்னொரு மருந்து சொட்டுச் சொட்டா விடுவேன். எத்தனை சொட்டுல நீலமாகுதோ அவ்ளோ கெட்டி." முப்பது சொட்டில் அது நீலத்துக்கு வந்தது. பரவாயில்லை, கௌரவமான தோல்வி.

மூன்றாவது, சொம்புத் தண்ணீர். பொடி விழுந்ததுமே பீட்ரூட் சாறு. வீணா சொட்டு விட ஆரம்பித்தாள். முப்பது. ஐம்பது. எண்பது. நூற்றிருபதில் மருந்துக் குப்பி காலி. சாறு அசையவில்லை.

வீணா என்னைப் பார்த்தாள். "அங்கிள், இது எந்த ஊர் போர்வெல்?"

"அது… ஒரு சொந்த முறை…"

அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. அப்புறம் மெல்ல அந்த வெள்ளைக் குழாயைப் பார்த்தாள். சுவருக்கு மேல் எட்டி, குழாய் முடிகிற கால்வாயை. கால்வாயிலிருந்து என் பக்கெட்டை. அந்தப் பாழாய்ப் போன பக்கெட்டை நான் எடுத்து வைக்க மறந்திருந்தேன்.

"அய்யோ அங்கிள்! ரீஜெனரேஷன் தண்ணிய புடிச்சீங்களா?"

லாயிட்டுக்கு இன்னும் புரியவில்லை. "இன்னா தண்ணி அது?"

வீணா சிலிண்டரைத் தட்டினாள். "இதுக்குள்ள கடுகை விடச் சின்னதா, தேன் கலர்ல லட்சக்கணக்குல மணி இருக்குது அங்கிள். ரெசின். ஒவ்வொரு மணியும் ஒரு பஸ் மாதிரி. பஸ் முழுக்க சோடியம் உக்காந்திருக்கும். போர்வெல் தண்ணியில கால்சியம் வருது பாருங்க, அதுதான் உங்க குழாயில வெள்ளையாப் படியறது. அது தடியான ஆளு. ஏறினதும் ரெண்டு சோடியத்தை எழுப்பி விட்டுட்டு அது உக்காந்துக்கும். எழுந்த சோடியம் தண்ணியோட வீட்டுக்குள்ள போகும். அது சாது. நுரையைத் தடுக்காது, படியாது."

"உப்பு எதுக்கு?" என்றேன். இதை நான் ஐந்து மாதம் முன்பு கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு வாரத்துல பஸ் எல்லாம் கால்சியமாவே நிறைஞ்சிடும். அப்புறம் வர்ற கால்சியம் உக்கார இடமில்லாம நேரா வீட்டுக்குள்ள போயிடும். அதுக்குத்தான் சனிக்கிழமை உப்புத் தண்ணி விடறது. உப்புன்னா முழுக்க சோடியம்தானே? கூட்டமா வந்து தள்ளுமுள்ளு பண்ணி, எல்லா கால்சியத்தையும் இறக்கி விட்டுட்டு அது உக்காந்துக்கும். இறங்கின கால்சியம் எல்லாம் இந்த வெள்ளைக் குழாய் வழியா வெளிய வரும்." தனலக்ஷ்மி பக்கம் திரும்பினாள். "ஒரு வாரத்துக் கெட்டி, ஒரு டிரம்ல. சந்தாபுராவுலயே அதை விடக் கெட்டித் தண்ணி கிடைக்காது ஆண்ட்டி."

தனலக்ஷ்மி துண்டைத் தடவிக்கொண்டாள். "அதைத்தான் இவர் சுடவெச்சுக் குடுத்தாரு."

லாயிட் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் மிஷினைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் தரையில் உட்கார்ந்து. பிரிசில்லா வாயைப் பொத்திக்கொண்டு தனலக்ஷ்மியை உள்ளே கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் லாயிட் வீட்டுக் குளியலறையிலிருந்து நுரை பொங்கும் சத்தம் வந்தது. நுரைக்குச் சத்தம் உண்டா என்பீர்கள். பொறாமைக்காரன் காதில் உண்டு.

"பத்து மடங்கு சாஃப்ட்டு!" என்றான் லாயிட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குணா, உன் குதிகாலு இப்ப இன்னாடா சொல்லுது?"

அன்று முழுக்க எனக்குக் காபி இறங்கவில்லை. நாலு காபிதான் குடித்தேன்.

தனலக்ஷ்மி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், திங்கட்கிழமை, பிரிசில்லாவும் அவளும் சந்தைக்குப் போயிருந்தார்கள். நான் தனியாக உட்கார்ந்து, டிரம்மில் மிச்சமிருந்ததை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முருங்கைக்கு ஊற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது ஏற்கெனவே என்னைப் பார்த்து ஒரு கொத்து இலையைக் கொட்டியிருந்தது.

சின்ன கேட் கிரீச்சிட்டது. லாயிட். கக்கத்தில் மடித்த பேப்பர். கேலி பண்ணத்தான் வந்திருக்கிறான் என்று முதுகைக் காட்டினேன்.

"மச்சி."

"போடா."

"மச்சி, ஒரு உதவி." குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பினேன். பேப்பருக்குள்ளிருந்து ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. அதற்குள் ஒரு சோப்பு டப்பா.

"உன் வீட்ல குளிச்சிக்கட்டுமா?"

நான் என் காதைக் குடைந்தேன்.

"கேளுடா. அஞ்சு மாசமா எனக்குக் குளிச்ச மாதிரியே இல்ல. சோப்பு போட்டா போக மாட்டேங்குது. ஒரு பக்கெட் ஊத்துறேன், வழுக்குது. ரெண்டு பக்கெட், வழுக்குது. ஏழு பக்கெட் ஊத்தினாலும் வாளை மீன் மாதிரி இருக்கேன். சட்டை போட்டா தோள்ல நிக்க மாட்டேங்குது. வீணாகிட்ட கேட்டேன். சோப்பு எல்லாம் போயிடுச்சு அங்கிள், சாஃப்ட் வாட்டர்ல உடம்பு அப்படித்தான் இருக்கும்னுது. எனக்கு அப்படி வேணாம்டா! குளிச்சிட்டுக் கைய வெச்சா கீச்சுன்னு சத்தம் வரணும். உன் தண்ணியில வரும்."

"என் தண்ணியிலயா?" என்றேன், அவன் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே.

"உன் தண்ணிதாண்டா. உன் குதிகாலு தண்ணி. போதுமா?"

போதவில்லை. ஆனால் மேலே கேட்டேன். "உன் மிஷின்ல பைபாஸ் இருக்குமே? பழைய தண்ணிய திருப்பிவிட வேண்டியதுதானே?"

"பைபாஸ் வால்வுல பிரிசில்லா துணி சுத்தி, நூல் போட்டுக் கட்டி வெச்சிருக்கா. புள்ள வாங்கிக் குடுத்த மிஷினு, பழைய தண்ணி ஒரு சொட்டு வீட்டுக்குள்ள வரக்கூடாதாம். ஞாயித்துக்கிழமை போன்ல மெர்சி கேக்குது, டாடி, தண்ணி எப்படின்னு. சூப்பர்மா, சூப்பர்மான்னு இருபது வாட்டி சொல்லிட்டேன். இப்ப போய் புடிக்கலன்னு எப்படிடா சொல்றது?"

அடடா! ஐந்து மாதமாக நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் என் கெட்டித் தண்ணீருக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறான். என் வயிற்றுக்குள் யாரோ ஐஸ் கட்டி வைத்தார்கள். இதை மறுநாளே தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருக்கலாம். போட்டால் லாயிட் மானம் போகும். ஆனால் தனலக்ஷ்மியின் கூடை அந்த வீட்டுக்குப் போவது நிற்காது. ஃபோர்மேன் மூளை சூடானது.

"குளிச்சிக்கோ. ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"உன் மிஷின்லேருந்து ஒரு குழாய், சுவர் வழியா, என் பாத்ரூமுக்கு."

அவன் யோசித்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டான். "பிரிசில்லாகிட்ட நான் பேசுறேன். நண்பனுக்கு நானா மனசு வந்து குடுத்தேன்னுதான் சொல்வேன்."

"அப்படியே சொல்லிக்கோ. மாசா மாசம் உப்பு மூட்டை நான் தூக்குறேன். இப்போ போய் குளி, வழுக்கி விழுந்துடாதே."

என் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கத்தில் போர்வெல் குழாய் ஒன்று உண்டு. அங்கே நின்று லாயிட் குளித்தான். அரைமணி நேரம். நடுநடுவே கையைத் தேய்த்துக் கீச், கீச் என்று சத்தம் எழுப்பி, குழந்தை மாதிரிச் சிரித்தான்.

வியாழக்கிழமை பிளம்பர் வந்து குழாய் போட்டார். என் வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதற்குள் பளபளவென்று புதுக் குழாய். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குத் தனலக்ஷ்மி கூடையை எடுத்தாள். நான் குளியலறைக் கதவைத் திறந்து குழாயைத் திருகிக் காட்டினேன். அவள் ஒரு சொட்டு ஷாம்பு விட்டுக் கையில் தேய்த்தாள். நுரை மணிக்கட்டு தாண்டி, முழங்கை தாண்டி ஏறியது. என்னைப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள்.

நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து நுரைச் சத்தம். என் வீட்டு நுரை!

ஒன்பதேகாலுக்குச் சின்ன கேட் கிரீச்சிட்டது. பிரிசில்லா, தலை நிறைய எண்ணெய், கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"இன்னாம்மா, உங்க வீட்ல தண்ணி வரலையா?"

"வருதுண்ணா. ஆனா வெள்ளிக்கிழமைன்னா நானும் அக்காவும் பேசிக்கிட்டேதானே குளிப்போம், ஒருத்தர் கதவுக்கு வெளிய உக்காந்து, ஒருத்தர் உள்ள. அஞ்சு மாசமா பழகிடுச்சு. அக்கா அங்க வரலன்னா நான் இங்க வந்துட்டேன்." என் ஸ்டூலைப் பார்த்தாள். நான் எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். "அக்கா! மேரி அத்தை பொண்ணு கதைய எங்க விட்டேன்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நகைக் கடைல விட்டே, சொல்லு சொல்லு!"

கொல்லையில் லாயிட்டின் கீச், கீச். கதை சுவாரஸ்யத்தில் அது பிரிசில்லா காதில் விழவில்லை.

பத்து மணி. பத்தரை. தனலக்ஷ்மி வெளியே வந்து ஸ்டூலில் உட்கார, பிரிசில்லா உள்ளே போனாள். கதை நகைக் கடையை விட்டுக் கல்யாண மண்டபத்துக்குக்கூடப் போகவில்லை. கொல்லையில் லாயிட் இரண்டாவது முறை சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். எழுபது வயது ஆள் நான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் முதுகில் படவில்லை.

துண்டை எடுத்தேன். சின்ன கேட்டைத் திறந்தேன். லாயிட் வீடு காலியாக, அமைதியாக இருந்தது. குளியலறையில் ஷவரைத் திருகினேன்.

எழுபத்திரண்டு ஓட்டையிலும் வந்தது, படுபாவி.